வேலை தெரிந்த கைகளுக்கு ஒரு கொட்டில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

திருகோணமலை நகரத்தில் பூட்டிக் கிடக்கிற பொதுக் கட்டிடங்களில் ஒன்றைத் திறந்து, உள்ளே ஒரு நீள மேசை போட்டு, அதில் சாமானைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸ் பூட்டி, வேலைக்குப் போய் ஓய்ந்த ஆண்களின் கையில் திறப்பைக் கொடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். சனங்களுக்கு நான் மிஸ்ஸி. கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்க, பிறந்த பிள்ளையைப் பார்க்க என்று வீடு வீடாக ஏறி இறங்கிய வேலை. திருக்கடலூர், மனையாவெளி, செல்வநாயகபுரம், பாலையூற்று என்று எந்தப் பக்கம் போனாலும், படலையைத் திறந்தால் விறாந்தையில் ஒரு வயதான மனிதர் கதிரையில் இருப்பார். "உள்ள இருக்கிறாங்க பிள்ளை" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். நான் தாயைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து வெளியே வரும்போதும் அவர் அதே கதிரையில், அதே பக்கம் பார்த்தபடி இருப்பார். என் பதிவேட்டில் தாய்க்கு இடம் இருந்தது, பிள்ளைக்கு இடம் இருந்தது. அந்தக் கதிரையில் இருந்தவருக்கு இருக்கவில்லை.

பெண்களுக்கு வயது போனாலும் வேலை போவதில்லை. அது நல்லதா கெட்டதா என்பது வேறு கதை. ஆனால் அடுப்படி இருக்கிறது, பேரப்பிள்ளை இருக்கிறது, மாதர் சங்கம் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, வெள்ளிக்கிழமை கோயில் இருக்கிறது. நாலு பேரோடு நின்று கதைக்க ஒரு சாட்டு எப்போதும் கிடைக்கும். ஆண்களுக்கு அப்படியில்லை. அறுபது வயதில் ஒரு மாலையும் ஒரு கைக்கடிகாரமும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த நாள் காலையில் அவர் வழமைபோல ஐந்து மணிக்கு எழும்பி, குளித்து, உடுத்துக்கொண்டு, போக இடமில்லாமல் நிற்கிறார். பிள்ளைகள் கனடாவிலோ கட்டாரிலோ இருந்தால் வீட்டில் சத்தமும் இல்லை. பேரப்பிள்ளையை போனில் பார்ப்பதுதான் அன்றைக்கு நடக்கும் ஒரே விசேஷம்.

இதை நான் மனவருத்தத்தில் மட்டும் சொல்லவில்லை, சுகாதார வேலை பார்த்தவளாகவும் சொல்கிறேன். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மாரடைப்பு, பாரிசவாதம், மனச்சோர்வு எல்லாவற்றோடும் தனிமைக்குத் தொடர்பு இருக்கிறது. நம் நாட்டில் தற்கொலையில் இறப்பவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். சீனி, பிரஷர் பார்க்கும் கிளினிக்குகளை ஊருக்குள்ளேயே வைத்தும் வரிசையில் நிற்பவர்கள் அநேகமாகப் பெண்கள்தான். ஆண்கள் வருவது விழுந்த பிறகு. அதுவும் நடந்து வருவதில்லை, தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

எங்கள் ஊர் தொழிலாளிகளின் ஊர். கோணேசர் கோயிலையும் கடற்கரையையும் பார்க்க வருபவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம், நமக்குத் தெரியும். 1927 இல் ரயில் வந்தது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் கடற்படை டொக்யாட்டிலும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளிலும் ஆயிரக்கணக்கான கைகள் வேலை செய்தன. 1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அங்கே தொழில் பழகியவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சொற்பம். ஆனால் அவர்களிடம் தொழில் பழகியவர்கள் இருக்கிறார்கள். எழுபது, எழுபத்தைந்து வயது. 1980 இல் சீனக்குடா மா ஆலை இயங்கத் தொடங்கியபோது இருபது இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களும் இப்போது ஓய்வில். சீமெந்து ஆலை, துறைமுகம், பஸ் டிப்போ, மின்சார சபை, ரயில்வே, தச்சுத் தொழில், வள்ளம் கட்டும் தொழில், கரைவலை என்று எடுத்துப் பாருங்கள். ஒட்டுவேலை தெரிந்தவர், மோட்டார் சுற்றத் தெரிந்தவர், வள்ளத்தில் பூட்டுகிற இருபத்தைந்து குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே பழுது சொல்பவர், கண்ணை மூடிக்கொண்டு வலை பொத்துபவர் எல்லோரும் ஒவ்வொரு வீதியிலும் இருக்கிறார்கள். தனித்தனியாக இருக்கிறார்கள், அதுதான் பிரச்சினை.

அவர்களோடு அவர்களுடைய ஆயுதங்களும் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. போன வருடம் எங்கள் வீதியில் ஒரு தச்சு வேலைக்காரர் காலமானார். முப்பத்தொன்று முடிந்து சில கிழமைகளில், பழைய இரும்பு வாங்குகிறவர் தள்ளுவண்டியோடு வந்தார். மனைவி பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். உளிகள் ஏழெட்டு, அகலவாரியாக ஒரு சாக்குத் துணியில் வரிசையாகச் சுற்றி, ஒவ்வொன்றின் வாயிலும் எண்ணெய் தடவி வைத்திருந்தார். சீவுளியின் மரப்பிடியில் அவருடைய பெருவிரல் பதிந்து பதிந்து ஒரு குழி விழுந்திருந்தது. வாங்க வந்தவர் உளிகளைத் துணியிலிருந்து உதறித் தராசில் போட்டார். சீவுளியில் மரம் அதிகம் என்று இரும்பை மட்டும் தட்டிக் கழற்றி எடுத்துக்கொண்டு மரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரிடம் கொடுப்பது? வாங்கிப் பிடிக்க ஒரு கை, வைக்க ஒரு இடம் ஊரில் இல்லை.

இனி அவுஸ்திரேலியாவில் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன். என் அண்ணா மெல்பேர்னில் இருக்கிறார். அண்ணி காலமான பிறகு போன் எடுத்தால் இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்க மாட்டார். இப்போது கிழமையில் இரண்டு காலை ஒரு கொட்டிலுக்குப் போகிறார். அங்கே அதற்கு ஆண்கள் கொட்டில் என்றே பெயர். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 1993 இல் தென் அவுஸ்திரேலியாவின் கூல்வா என்ற ஊரில், முதியோர் நிலையத்துக்கு வரும் ஆண்கள் அங்கே நடப்பவற்றில் ஒட்டாமல் இருப்பதைக் கண்டு, அவர்களுக்கென்று ஒரு கொட்டிலைத் தொடங்கியவர் ஒரு பெண். ஆண்கள் கொட்டில் என்ற பெயரோடே முதலில் திறந்தது விக்டோரியா மாநிலத்தின் டொங்காலாவில், 1998 ஜூலையில். 2007 இல் தேசிய சங்கம் அமைத்தார்கள். 2010 இல் அவுஸ்திரேலிய அரசு ஆண்கள் சுகாதாரக் கொள்கையை வெளியிட்டபோது இந்தக் கொட்டில்களுக்கும் பணம் ஒதுக்கியது. அயர்லாந்தில் 2011 இலும் பிரித்தானியாவில் 2013 இலும் சங்கங்கள் வந்துவிட்டன.

அங்கே நடப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலையில் வந்து பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதுகிறார்கள். உடைந்த கதிரை, பழைய சைக்கிள், பிள்ளைகளின் மர விளையாட்டுச் சாமான் என்று கையில் கிடைத்ததைச் செய்கிறார்கள். மின்சார வாள் போன்றவற்றைத் தொடுவதற்கு முன் பழக்கிக் காட்டுகிறார்கள், பழகாதவரைத் தொட விடுவதில்லை. பத்து மணிக்கு எல்லா இயந்திரமும் நிற்கும், தேத்தண்ணி வரும். அண்ணா நாற்பது வருடம் கணக்காளராக இருந்தவர், ஆணி அடிக்கத் தெரியாது. இப்போது ஒரு இத்தாலிய மனிதர் அவருக்கு மரம் இழைக்கப் பழக்கியிருக்கிறார். அண்ணா போனில் மணிக்கணக்காக மரத்தைப் பற்றிக் கதைக்கிறார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு சுலோகம் இருக்கிறது: ஆண்கள் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைப்பதில்லை, தோளோடு தோள் நின்று கதைக்கிறார்கள். இது வெள்ளைக்காரருக்கு மட்டும் உரிய சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டு விறாந்தையில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் ஃபோர்மனாக இருந்தவர். ஒரு நாள் எங்கள் கிணற்று மோட்டார் உறுமியதே தவிர சுழலவில்லை. எங்கள் பக்கத்து உவர்த் தண்ணிக்கு இரும்பு தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜமாலியாவிலிருந்து ஒரு நானா வந்தார், டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், மனைவி மௌத்தாகி ஒரு வருடம் இருக்கும். இரண்டு பேரும் சாக்கை விரித்து, மோட்டாரைக் கழற்றி, உள்ளே இறுகிப் போயிருந்த சக்கரத்தை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் சத்தமில்லை. "பத்தாம் நம்பர் ஸ்பனரைத் தாங்க", "இந்தப் பக்கம் பிடியுங்க", அவ்வளவுதான். நான் குசினியில் இருந்தேன். திடீரென்று நானா, தலையை நிமிர்த்தாமல், "அண்ணே, இப்ப கொஞ்ச நாளா சைக்கிள் மிதிச்சா நெஞ்சுக்குள்ள இறுக்கிப் பிடிக்குது" என்றார். இவரும் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு நட்டை விரலால் முடுக்கிக்கொண்டே "எப்ப இருந்து?" என்று கேட்டார். "நோன்புப் பெருநாளுக்கு முந்தி இருந்தே. பிள்ளைகளுக்குச் சொல்லல்ல."

நான் வெளியே ஓடிவந்திருந்தால் அந்த மனிதர் வாயை மூடியிருப்பார். மோட்டார் சுழன்று தண்ணி வந்த பிறகு, தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுத்தான் கதையை எடுத்தேன். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்றைக்கு மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் இதற்காக மோட்டார் பழுதாகாது, ஆசிரியரே. ஆகவேதான் ஒரு கொட்டில் கேட்கிறேன்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கிராம சேவகர் பிரிவுதோறும் முதியோர் சங்கங்கள் இயங்குகின்றன. அவற்றை நடத்துபவர்களை நான் மதிக்கிறேன், நானும் ஒன்றில் அங்கத்தவர். ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தின விழா, ஒரு பஜனை, ஒரு சுற்றுலா, பொதி வழங்கல். பெண்கள் சந்தோஷமாக வருகிறார்கள். ஆண்கள் வந்தால் பின்வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் இருந்து, மாகாண சபை அதிகாரி பேசி முடிந்ததும் போய்விடுகிறார்கள். அவர்கள் யாரோ செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகியவர்கள் இல்லை. பொதி வாங்குவதும் சிலருக்கு வெட்கம். ஒரு மனிதரிடம் "உங்களுக்கு உதவி வேண்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்பார். "இதை ஒருக்கால் பார்த்துத் தாங்க" என்று கேட்டால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

வேலைக்குப் பஞ்சமில்லை. முன்பள்ளிகளில் கால் ஆடுகிற கதிரைகளை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சில்லு இறுகிய சக்கர நாற்காலிகள், ரப்பர் தேய்ந்து வழுக்குகிற ஊன்றுகோல்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. ஊன்றுகோலின் அடி ரப்பர் ஒரு சின்னச் சாமான். அது தேய்ந்ததால் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2022 இல் எரிபொருள் இல்லாமல் போனபோது ஊரே சைக்கிளுக்குத் திரும்பியது. அந்தச் சைக்கிள்களில் பிள்ளைகள் இன்றும் சாம்பல்தீவிலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் பள்ளிக்கூடம் வருகிறார்கள், பாதிக்குப் பிரேக் கட்டை இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பொடியன்களை அந்த மாதங்களில் இந்தக் கொட்டிலுக்கு அனுப்பலாம். ஒரு பிளக் பொயின்ற் மாற்ற, ஒரு அரத்தை ஒழுங்காகப் பிடிக்க, ஒரு நாள் பழகினாலும் போதும். பெண்பிள்ளைகளும் வரட்டும்.

மூன்று இனமும் வாழ்கிற ஊர் இது. டிப்போவிலும் துறைமுகத்திலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே இயந்திரத்தின் கீழே படுத்து வேலை செய்தவர்கள். 83 இலும் 90 இலும் என்ன நடந்தது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் மகனைப் பறிகொடுத்த தகப்பன்மார் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள், வாயே திறக்காமல். தாய்மார் அழுதார்கள், கோயிலில் நின்று, வீதியில் நின்று. தகப்பன் யாருக்கும் தெரியாமல் கிணற்றடியில் நின்றதை வீட்டுக்குப் போன எனக்குத் தெரியும். இவர்களைக் கூப்பிட்டு நல்லிணக்கக் கருத்தரங்கு வைப்பதைவிட, ஒரு பழுதான மோட்டாரை நடுவில் வையுங்கள்.

கொட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சிலவற்றை என் அனுபவத்தில் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றை அதிகாரிகள் மறந்துவிடுவார்கள். முதலாவது, மலசலகூடம் பக்கத்தில் இருக்க வேண்டும். அறுபத்தைந்துக்கு மேல் பல ஆண்களுக்குப் புரொஸ்டேட் வீக்கம் இருக்கும். அடிக்கடி எழும்பிப் போக வேண்டும், தூரமென்றால் வரவே மாட்டார்கள், காரணத்தையும் சொல்ல மாட்டார்கள். வெளிச்சம் நல்லாக வேண்டும், கண்ணில் வெண்புரை உள்ளவர்கள் வருவார்கள். நீரிழிவுக்காரருக்குப் பாதம் மரத்திருக்கும், இரும்புத்தூள் குத்தினாலும் தெரியாது. ஆகவே செருப்போடு யாரையும் விடக்கூடாது, மூடிய சப்பாத்துக் கட்டாயம். ஏற்பு ஊசி போட்டிருக்க வேண்டும். பிரஷர் மருந்து எடுப்பவர் ஏணியில் ஏறக்கூடாது. தொடக்கத்தில் மின்சார வாள் வேண்டாம், கையாயுதங்களே போதும். நேரம் காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டு, கிழமையில் இரண்டு நாள். சுவரில் ஒரு பலகை அடித்து ஒவ்வொரு ஆயுதத்தின் உருவையும் அதில் கோடு போட்டுக் கீறிவிட்டால், மாலையில் எது குறைகிறது என்று ஒரு பார்வையில் தெரியும். களவு போகும் என்பவர்களுக்கு இதுதான் பதில். ஒரு மூலையில் பிரஷர் பார்க்கும் கருவி இருக்கட்டும். சுகாதாரப் பகுதியிலிருந்து யாராவது மாதம் ஒருமுறை தேத்தண்ணி நேரத்தில் வந்து போகட்டும். அயர்லாந்தில் அப்படித்தான், பரிசோதனையைக் கொட்டிலுக்கே கொண்டுபோகிறார்கள்.

குடிக்கிற இடமாகிவிடும் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். குடிப்பவர்கள் இப்போது குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பலர் வேறு வேலையில்லாததால். வாசலிலேயே எழுதிப் போடுவோம், குடித்துவிட்டு வந்தால் உள்ளே விடுவதில்லை என்று. அதைக் காப்பாற்ற ஒரு பழைய ஃபோர்மனால் முடியும். பெண்களுக்கு ஏன் இல்லை என்றும் ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. வெளிநாடுகளில் பல கொட்டில்கள் பெண்களுக்கும் திறந்திருக்கின்றன. எங்களுக்கு வேறொரு நாள் வைக்கலாம், நானும் வருவேன். ஆனால் நாங்கள் இருக்கும்போது இவர்கள் கதைக்க மாட்டார்கள், எனவே அந்த இரண்டு காலையும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள். திறப்பு விழா பெரிதாக வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணத்துக்கு இரண்டாவது வைஸ் ஒன்று வாங்கலாம்.

உள்ளூராட்சி மன்றம் வருட இறுதியில் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும்போது பொதுமக்களிடம் முன்மொழிவு கேட்பது வழக்கம். இம்முறை எங்கள் வீதியிலிருந்து இந்த ஒன்றைத்தான் கொடுக்கப் போகிறோம்: ஒரு கட்டிடம், மின்சாரக் கட்டணம், தண்ணி. மேசையை அவர்களே அடித்துக்கொள்வார்கள். என் கணவர் தன்னுடைய ஸ்பனர் செற்றைத் தருவதாகச் சொல்லிவிட்டார், நானா டிப்போக்காரர்கள் நாலைந்து பேரிடம் கதைத்திருக்கிறார். மற்ற வட்டாரங்களில் இருப்பவர்களும் இதையே எழுதிக் கொடுத்தால் சபையால் தட்டிக்கழிக்க முடியாது. அதுவரைக்கும், வீட்டில் அப்பாவின் ஆயுதப்பெட்டி இருந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
திருகோணமலை.